ஈசானிய மூலை

ஜூலை 15, புதன்

கடைசி பிளாஸ்டிக் ஷீட்டையும் இன்று விரித்து ஒட்டியாயிற்று. ஆறு ஏக்கர் பள்ளம் முழுக்கக் கறுப்பு. வேலங்குறிச்சி நகராட்சி இதுநாள்வரை தன் குப்பையைக் கண்மாய்க்கரையில் கொட்டித் தீ வைத்து, ஊருக்கே சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தது. அதற்கு இப்போது அறிவியல் முறைப்படி ஒரு குப்பைக்கிடங்கு. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

கட்டுவது ஒப்பந்தக்காரர். அவர் சார்பில் இங்கே நிற்பவர் மேலாளர் ராமபத்திரன். அவர்கள் ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்று பார்க்க வேறொரு நிறுவனம் அனுப்பிய தர ஆய்வுப் பொறியாளர் நான். எல்லோரும் வெறுப்பதற்கென்றே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆள் என்று அர்த்தம்.

வாசலில் டீக்கடை போட்டிருக்கும் சிட்டம்மாள் இன்று வேலியோரம் வந்து எட்டிப் பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் அவளுடைய மல்லிகைக் கொல்லை. நடுவில் கிணறு. அந்தப் பகுதியில் இருக்கும் பத்துப் பதினைந்து வீடுகளும் குடிப்பது அந்தத் தண்ணீர்தான்.

“ஏம்மா, இம்புட்டுக் குப்பையையும் இதுல கொட்டுனா எங்க கெணறு என்னத்துக்காகும்?”

“இது குப்பைமேடு இல்லக்கா, தொட்டி. அடியில ரெண்டடிக்குக் களிமண்ண இடிச்சு இறுக்கியிருக்கு. அதுக்கு மேல இந்த ஷீட்டு. அதுக்கு மேல ஜல்லியும் குழாயும் வரும். மழை பெஞ்சா குப்பையில ஊறுற சாறு ஜல்லி வழியா இறங்கி, அந்தா அந்த மூலையில இருக்கிற சம்புக்குப் போயிரும். அங்கேருந்து மோட்டார் போட்டு எடுத்துச் சுத்தம் பண்ணுவாங்க. தொட்டிக்குள்ள ஊத்துனது வெளிய போகுமா?”

“ஓட்டை கீட்டை விழுந்துச்சுன்னா?”

“விழாது. அதுக்குத்தான் நான் இருக்கேன்.”

“அப்பச் சரி,” என்று டம்ளர் கழுவப் போய்விட்டாள். இவ்வளவு சீக்கிரம் நம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

ஜூலை 16, வியாழன்

நாள் முழுக்க ஒட்டுகளைச் சோதித்தோம். ஒவ்வோர் ஒட்டும் இரட்டைத் தையல். நடுவே இருக்கும் இடைவெளியில் காற்றடித்துவிட்டு, அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கினால் எங்கோ ஓட்டை. நாலு இடத்தில் இறங்கியது. நாலையும் திரும்ப ஒட்ட வைத்தேன். ராமபத்திரன் முகத்தில் ஈயாடவில்லை.

சாயங்காலம் சமாதானமாகப் பேச வந்தார். “மேடம், ஒண்ணு கவனிச்சீங்களா? சம்ப் கரெக்டா ஈசானிய மூலையில வந்திருக்கு. நீர் அங்கதான் இருக்கணும். நான்தான் சொல்லி வைக்கச் சொன்னேன்.”

நிலம் அந்தப் பக்கம் சரிந்திருக்கிறது, அதனால் பள்ளத்தின் மிகத் தாழ்வான இடம் அது, அதனால் சம்ப் அங்கே. இந்த மூன்றையும் அவரிடம் விளக்குவதைவிட, ஈசனுக்கே நன்றி சொல்லிவிட்டுப் போவது சுலபம்.

ஜூலை 20, திங்கள்

ஆடி பிறந்துவிட்டதாம். ஆடியில் எதையும் திறக்க மாட்டார்களாம். ஆவணியில்தான் திறப்புவிழா. குப்பைத் தொட்டிக்கு முகூர்த்தம் பார்க்கும் ஊர் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஷீட்டை விரித்ததும் ஜல்லியைப் போட்டு மூடிவிட வேண்டும் என்பது விதி. வெயிலிலும் காற்றிலும் அதைத் திறந்து போடக் கூடாது. சொன்னேன். “மூடிட்டா சிறப்பு விருந்தினர் வந்து எதைப் பார்ப்பார் மேடம்? ஜல்லியையா?” என்றார் ராமபத்திரன்.

மனிதர் பேசுவதில் பத்துக்கு ஒன்று சரியாக இருக்கும். இது அந்த ஒன்று. மூடிவிட்டால் இத்தனை மாதப் பாடும் யார் கண்ணிலும் படாது. நாலு பேர் பார்க்கட்டுமே. மணல் மூட்டைகளை வைத்து அமுக்கச் சொல்லிவிட்டுச் சம்மதித்தேன்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பறந்தது ராமபத்திரனின் தொப்பி. போய் விழுந்தது ஷீட்டின் நடுவில். ஆணி அடித்த செருப்போடு இறங்கப் பார்த்தார். கழற்ற வைத்தேன். வெயிலில் கொதித்த ஷீட்டில் குதித்துக் குதித்துப் போய் எடுத்து வந்தார். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த முதல் சந்தோஷம்.

ஆகஸ்ட் 21, வெள்ளி

அழைப்பிதழ் வந்தது. வழுவழுப்பான தாள், வானவில்லில் இல்லாத நிறங்கள் எல்லாம் இருந்தன. நகரத் துணைச் செயலாளரின் மைத்துனர் பெயர்கூட இருக்கிறது. குமுதவல்லி என்ற என் பெயர் எங்குமே இல்லை. ‘மற்றும் பலர்’ என்பதில் நான் அடக்கமாம்.

எனக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ராமபத்திரனிடம் ஒரு வார்த்தை கேட்டேன், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 24, திங்கள்

மேடையைப் பள்ளத்துக்குள், ஷீட்டின் மேலேயே போடப் போகிறார்களாம். விருந்தினர் அதில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். முடியவே முடியாது என்றேன். அரை மணி நேரம் சண்டை. கடைசியில் என் நிபந்தனைகளை எழுதிக் கையெழுத்து வாங்கினேன். ஷீட்டில் ஓர் ஆணிகூட இறங்கக் கூடாது. பந்தல் கால் எல்லாம் மண் நிரப்பிய எண்ணெய் டின்னில்தான் நிற்க வேண்டும். டின்னுக்கு அடியில் சாக்கு மடித்துப் போட வேண்டும். பந்தல்காரன் தலையாட்டினான். “டின்னுலயே நட்டுருவோம்மா, எங்களுக்கும் குழி தோண்டுற வேலை மிச்சம்.” இந்தத் தளத்தில் நான் கேட்ட முதல் அறிவுள்ள பேச்சு.

போகும்போது ராமபத்திரன் சொன்னார், “மேடம், உங்களுக்கு மேடையில சேர் போட்டிருக்கு. சால்வையும் உண்டு. நானே பேசிட்டேன்.”

சால்வை யாருக்கு வேண்டும். பச்சைப் பட்டு கசங்கிக் கிடக்கிறது. அதற்குரிய ஜாக்கெட்டும் இப்போது பத்தாது.

ஆகஸ்ட் 26, புதன்

காலையில் அலுவலக வேலையாக டவுனுக்குப் போக வேண்டியிருந்தது. தையல்காரன் ஒன்பதரைக்குத்தான் கடை திறந்தான்.

திரும்பி வந்தால் பள்ளத்துக்குள் மேளச் சத்தம். முகூர்த்தக்கால் நடுகிறார்களாம். ஈசானிய மூலையில், சம்புக்குப் பக்கத்தில், மஞ்சள் பூசி மாவிலை கட்டிய மூங்கில் ஒன்று ஏற்கெனவே நின்றது. அடியில் மணலைக் குவித்து மஞ்சள் துணியைச் சுற்றியிருந்தார்கள். டின்னை மறைக்க எவ்வளவு அலங்காரம்! குருக்கள் நவதானியத்தைத் தூவிக்கொண்டிருந்தார். குப்பை விளைய வேண்டிய இடத்தில் தானியம்.

பால் ஊற்ற ஐந்து சுமங்கலிகள் வேண்டும். கவுன்சிலர் வீட்டுப் பெண்கள் நாலு பேர்தான் வந்திருந்தார்கள். “மேடம் இருக்காங்களே!” என்று யாரோ என்னை முன்னால் தள்ளினார்கள். எனக்குக் கல்யாணம் ஆயிற்றா, ஆன புருஷன் எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஒரு பெண் என் நெற்றியில் குங்குமம் வைத்து, தலையில் பூவும் வைத்துவிட்டாள். போட்டோக்காரன் சிரிக்கச் சொன்னான். சிரித்தேன் போலிருக்கிறது.

ஆளுக்கொரு சொம்பு பால் ஊற்றினோம். அவ்வளவு பாலையும் அந்த மணல் ஒரு சொட்டு வழியவிடாமல் குடித்துவிட்டது. பாலை வீணாக்குவதில் நம்மவர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

பூவை இன்னும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 27, வியாழன்

விழா. சிறப்பு விருந்தினர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து, அதற்கு வட்டியும் சேர்த்துப் பேசினார். பேச்சில் எல்லா மொழியின் தொன்மையும் வந்தது, குப்பை மட்டும் வரவில்லை. இறங்கும்போது ஷீட்டைப் பார்த்து, “பளபளன்னு இருக்கே, இதுலயா குப்பையக் கொட்டப் போறீங்க?” என்று வருத்தப்பட்டார். மாலை போட்ட குப்பை லாரிக்கு எலுமிச்சம்பழம் நசுக்கிக் கொடியசைத்தார். அது வாசல்வரை வந்து, திரும்பி, பழையபடி கண்மாய்க்கரைக்கே போய்க் கொட்டியது.

சால்வை தந்தார்கள். உள்ளங்கை அகலத்துக்குச் சரிகை. பெட்டியில் வைத்திருக்கிறேன், வேறெங்கே போடுவது.

ஆகஸ்ட் 29, சனி

பந்தலைப் பிரித்து டின்களை ஏற்றினார்கள். டின் நின்ற இடம் ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. முகூர்த்தக்காலை மட்டும் ராமபத்திரனின் ஆட்களே எடுத்துப் போயிருந்தார்கள். அதன் டின்னை நான் பார்க்கவில்லை. முன்னாலேயே ஏற்றியிருப்பார்கள்.

ஜல்லி பரப்பத் தொடங்கினோம். அந்த மூலையில் சித்தாள்கள் மணல் குவியலைச் சுற்றி வட்டமாக விட்டுவிட்டுப் பரப்பியிருந்தார்கள். “சாமி எடம்மா, மிதிக்க மாட்டோம்.” குப்பை கொட்டப் போகும் இடத்தில் சாமி! நாளைக்கு நிரப்புங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 2, புதன்

நல்ல மழை. சிட்டம்மாளுக்கு வாயெல்லாம் பல். கிணறு ஒரு முழம் ஏறியிருக்கிறதாம். “இந்த வருசம் மல்லி அள்ளிரும்மா.” அந்த மூலையை இன்னும் நிரப்பவில்லை.

செப்டம்பர் 5, சனி

ஈசானிய மூலையில் ஏதோ முளைத்திருக்கிறது. சித்தாள்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ராமபத்திரன் பக்கத்தில் குத்தவைத்துப் படம் எடுத்துக்கொண்டார். “நல்ல சகுனம் மேடம்!”

குருவி எச்சம். குருவி எதைத் தின்றாலும் எங்காவது முளைக்கும். இதற்குப் போய் ஆர்ப்பாட்டம்.

செப்டம்பர் 6, ஞாயிறு

விடுமுறை. துணி துவைத்தேன். குருவி ஒன்பது தானியத்தையும் ஒரே இடத்திலா வந்து போடும்?

செப்டம்பர் 7, திங்கள்

ஆட்கள் வருவதற்கு முன்பே போய்விட்டேன். மொச்சை, பயறு, நெல், எள் எல்லாம் விரற்கடை உயரத்துக்கு நிற்கின்றன. ஒரு மொச்சையைப் பிடித்து இழுத்தேன். வேர் நீளமாக வந்தது. நுனியில் செம்மண். நாங்கள் இடித்துப் போட்ட களிமண் கறுப்பு. செம்மண் அதற்கும் கீழே இருப்பது, தோண்டினால் ஒழிய மேலே வராது.

கையாலேயே மணலைத் தோண்டினேன். ஷீட்டில் சதுரமாக, கத்தியால் அறுத்த துளை. பார்த்துப் பார்த்து அழகாக அறுத்திருக்கிறார்கள். உள்ளே முழங்கை வரை விட்டும் அடி தட்டவில்லை. பாலின் புளித்த வாடை வந்தது.

ராமபத்திரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

“பந்தல் கால் அத்தனையும் டின்னுலதானே மேடம் நட்டோம்? உங்க பேச்ச மீறலையே. ஆனா முகூர்த்தக்கால டின்னுலயா நடுவாங்க? பூமியில இறங்கினாத்தான் அதுக்குப் பேரு முகூர்த்தக்கால். உங்க வீட்டுக் கல்யாணத்துல டின்னுலயா நட்டாங்க?”

“எவ்வளவு ஆழம்?”

“மூணடி. சாஸ்திரத்துக்குத்தான். ஒரே ஒரு ஓட்டை மேடம், ஆறு ஏக்கர்ல.”

ஆறு ஏக்கரில் வேறெங்கே போட்டிருந்தாலும் பாதி பாவம் போயிருக்கும். மழையெல்லாம், சாறெல்லாம் ஓடி வந்து சேர்வதற்கென்றே சரிவு கொடுத்துக் கட்டிய மூலை இது. தொட்டிக்கு அடைப்பான் எங்கே இருக்குமோ அங்கே துளை. களிமண் இரண்டடி, குழி மூன்றடி. அதற்கப்புறம் வேலி, வேலிக்கப்புறம் கிணறு. சின்னப் பிள்ளைக்கும் புரிகிற கணக்கு, சாஸ்திரம் படித்தவருக்குப் புரியவில்லை.

“ஜல்லியத் தள்ளி மூடிடுவோம். வியாழக்கிழமை வண்டிங்க வந்துரும், அப்புறம் யாரு தோண்டிப் பாக்கப் போறா?” என்றார். பிறகு குரலை இறக்கி, போனை நீட்டினார். “உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். இதைப் பாருங்க.”

படத்தில் நான். நெற்றியில் குங்குமம், தலையில் பூ, அந்தத் துளைக்குள் பால் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். வாயெல்லாம் சிரிப்பு.

ஐந்து சொம்பு பால் ஒரு டின் மண்ணில் அடங்காது. வழியும். அன்றைக்கு ஏன் அது எனக்குத் தோன்றவில்லை? தெரியவில்லை என்று எழுத வந்தேன். தெரியும்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். பயமாக இருக்கிறது. சாயங்காலம் டீக்கடைப் பக்கம் போகவில்லை.

செப்டம்பர் 8, செவ்வாய்

சிட்டம்மாள் தூக்குவாளியோடு உள்ளேயே வந்துவிட்டாள். “நேத்து டீக்கு வரலியே, காச்சலா?” என்று கேட்டுக்கொண்டே டம்ளரில் ஊற்றினாள். ஊற்றியபடியே அந்த மூலையைப் பார்த்தாள். விவசாயம் செய்கிறவள், பச்சையைக் கண்டால் பார்க்காமல் இருப்பாளா.

“பயிறு நல்லாத்தான் வந்திருக்கு,” என்றாள். அப்புறம், “ஏம்மா, தொட்டின்னு சொன்னீகளே. தொட்டிக்குள்ள எப்படி மொளைக்குது?”

குருவி எச்சம் என்று சொல்ல வாய்வரை வந்தது.

“ஓட்டைக்கா. முகூர்த்தக்காலுக்கு அறுத்துட்டாங்க. செம்மண்ணு வரைக்கும் போயிருக்கு.”

“நீங்க எங்க போயிருந்தீக?”

“இங்கதான் இருந்தேன். நான்தான் பால் ஊத்துனேன்.”

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஊற்றிய டீயைத் திரும்ப வாளியில் கவிழ்த்து, மூடியை அழுத்தி மூடிக்கொண்டு போய்விட்டாள். ஊரில் எத்தனையோ பேரை நான் கேவலமாகப் பார்த்திருக்கிறேன். யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

நேராக அறைக்குப் போய் நகராட்சி ஆணையருக்கும் என் நிறுவனத்துக்கும் எழுதினேன். துளை எங்கே, எவ்வளவு ஆழம், யார் யார் அங்கே நின்றோம் எல்லாவற்றையும் சொன்னேன். ராமபத்திரன் காட்டிய போட்டோவையும் அவரிடமே கேட்டு வாங்கி இணைத்தேன். இடத்தைக் காட்ட அதைவிட நல்ல படம் கிடையாது. வியாழக்கிழமை வண்டி எதுவும் உள்ளே வரக் கூடாது என்று கையெழுத்துப் போட்டேன். ராமபத்திரன் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

செப்டம்பர் 9, புதன்

ஆணையர் போனில், “திறந்து வச்சதை நீங்க மூடச் சொல்றீங்களா?” என்றார். மூடாததைத் திறந்து வைத்ததுதான் தப்பு என்றேன். ஒட்டு வேலை எப்போது முடியும் என்று மட்டும் கேட்டு, அதுவரை வண்டிகளை நிறுத்திவைப்பதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். பயந்த மனிதர்களால் சில சமயம் நல்லதும் நடக்கிறது.

என் நிறுவனத்திலிருந்தும் பேசினார்கள். இந்த வேலை முடிந்ததும் தலைமை அலுவலகத்தில் எனக்கொரு மேசை போடுவார்களாம். ஜன்னல் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம்.

செப்டம்பர் 12, சனி

மூலையைச் சுற்றி ஜல்லியை அள்ளினோம். பயிரையெல்லாம் பிடுங்க வேண்டியிருந்தது. சித்தாள்கள் தொட மாட்டோம் என்றார்கள், நானே பிடுங்கினேன். குழிக்குள் ஊறியிருந்த மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, புதுக் களிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு இடித்தோம். அதன் மேல் புதுத் துண்டு ஷீட்டை வைத்து, சுற்றிலும் உருக்கி ஒட்டினோம்.

ஒட்டின் மேல் சோப்புத்தண்ணீரைத் தடவி, கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சினோம். ஓட்டை இருந்தால் குமிழி வரும். ஓரத்தில் ஒரு குமிழி வந்தது. மறுபடி ஒட்டினோம். மறுபடி பெட்டி. வரவில்லை. இன்னொரு முறை பார்த்தேன். வரவில்லை.

வேலியோரம் சிட்டம்மாள் நின்றாள். கையைத் தூக்கி, சரியாகிவிட்டது என்று காட்டினேன். அவள் பாட்டுக்குப் பூப்பறிக்கப் போய்விட்டாள். நியாயம்தான். என் வாய்ச்சொல்லுக்கு இனி அங்கே என்ன விலை?

செப்டம்பர் 15, செவ்வாய்

நட்ட முகூர்த்தக்காலின் முளைப்பாரியைப் பிடுங்கியது பெரிய தோஷமாம். புரட்டாசி பிறப்பதற்குள் பரிகாரம் செய்யாமல் வண்டியை உள்ளே விட மாட்டேன் என்கிறார் ராமபத்திரன். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்.

செய்துகொள்ளுங்கள் என்றேன். கால் கிடையாது, மணல் கிடையாது, தானியம் கிடையாது. ஒட்டிய இடத்தில் ஷீட்டின் மேலேயே பாலை ஊற்றிக்கொள்ளட்டும். அந்த மூலைக்கு ஜல்லியை அப்புறம் பரப்பிக்கொள்ளலாம், முதல் வண்டிகள் மறுகோடியில் கொட்டட்டும். “அதெப்படி மேடம் வெறும் ஷீட்டுல…” என்று இழுத்தார். இல்லாவிட்டால் பரிகாரமே கிடையாது என்றேன்.

செப்டம்பர் 16, புதன்

ஆணையர் வரவில்லை. விருந்தினர் இல்லை, மேளம் இல்லை. அதே குருக்கள், அதே நாலு பெண்கள். ராமபத்திரன் பழக்கதோஷத்தில் என்னைப் பார்த்தார். “மேடம், அஞ்சாவதா நீங்க…”

“நான் வரல. என் புருஷன் எங்க இருக்காருன்னு அஞ்சு வருஷமா எனக்கே தெரியாது.”

வேலங்குறிச்சியில் இதை நான் சத்தமாகச் சொன்னது இதுதான் முதல் தடவை. ஒருத்தருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. எனக்கு என்னவோ லேசாகத்தான் இருந்தது.

நானே மேலேறிப் போய் டீக்கடையில் சிட்டம்மாளைக் கூப்பிட்டேன்.

“நான் எதுக்கு?” என்றாள், முகத்தைத் திருப்பாமலே.

“கெணறு உங்களுதுக்கா. நீங்க ஊத்துங்க.”

கழுவிக்கொண்டிருந்த டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். குங்குமத்துக்கு நெற்றியைக் காட்டவில்லை, மந்திரத்துக்கும் காத்திருக்கவில்லை. சொம்பை வாங்கி, ஒட்டுப்போட்ட இடத்தின் நட்டநடுவில் மெதுவாக ஊற்றினாள். கறுப்பு ஷீட்டில் பால் வட்டமாகப் பரவிச் சின்னக் குளம்போல் தேங்கியது. மற்ற நாலு பேரும் ஊற்றினார்கள். குளம் பெரிதாயிற்று.

“முடிஞ்சுதும்மா, எந்திரிங்க,” என்றார் குருக்கள். ராமபத்திரன் இராகுகாலம் வருகிறது என்றார். வாசலில் முதல் லாரி ஹாரன் அடித்தது. சிட்டம்மாள் குத்தவைத்து உட்கார்ந்தவள் அசையவில்லை. பாலையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் அவளை எழுப்பத் துணிச்சல் வரவில்லை. எனக்கும்தான்.

பாலின் ஓரம் எதுவரை வந்திருந்ததோ அங்கே ஒரு விரலை வைத்திருந்தாள். வெகுநேரம் கழித்து விரலை எடுத்துப் பார்த்தாள். ஓரம் அங்கேயே இருந்தது.

“நிக்குது,” என்றாள்.

இது சோதனையே அல்ல. கண்ணாடிப் பெட்டியில் காணாத ஓட்டையைச் சொம்புப் பால் கண்டுபிடித்துவிடாது. அறிவியலில் இதற்குக் காலணா மதிப்பு இல்லை. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

லாரிக்கு வழிவிட்டு மேலேறி வந்தோம். கடைக்குப் போனதும் அவள் ஒரு டம்ளரைக் கழுவி, டீ ஊற்றி என் பக்கம் தள்ளினாள். சர்க்கரை ரொம்ப அதிகம். மிச்சம் வைக்காமல் குடித்தேன்.